கடலில் படுத்த நாலுகாலும் படகில் உடைந்த பூசணிக்காயும்

1

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே போனால், வேலை இல்லாத கிழவன் எதையோ கிறுக்கியிருக்கிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய தெருக்களில் ஒரு நடை போய் வாருங்கள். எந்த இரும்புக் கேட் கிறீச்சென்று கத்தாமல் திறக்கிறதோ, அது நான் செய்தது. கத்தினால் வேறு ஆள் செய்தது. கிழக்குத் தாம்பரத்தில் நடுவில் தூணே இல்லாத கல்யாண மண்டபம் ஒன்று உண்டு. அதன் கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டம் என் கைவேலை. அங்கே சாம்பாரைக் குறை சொன்னவர்கள் ஏராளம்; கூரையைக் குறை சொன்னவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. பிறகு ஷார்ஜாவில் எண்ணெய்த் தொட்டிகள். அதற்கும் பிறகு அமெரிக்காவின் தென்கரையில், நடுக்கடலில் நிற்கிற எண்ணெய் மேடைகள். இடையில் சிட்லபாக்கத்தில் ஒரு மாடி வீடு. எல்லாவற்றுக்கும் மேலே, ஓர் இன்ஜினீயர் மகன்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை அன்று ஜுரம். பல்லாவரத்தில் பாஷா பாயின் வெல்டிங் பட்டறையில் வேலை கேட்டு நின்றபோது பாய் என் சான்றிதழைக் கேட்கவில்லை. "கண்ணு நல்லா தெரியுதா? கை நடுங்குமா? அவ்ளோதான், உள்ள வா" என்றார். உலகத்தில் நான் தேர்ச்சி பெற்ற ஒரே நேர்முகத் தேர்வு அதுதான். மற்ற இடங்களில் எல்லாம் வேலையைப் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் நம் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு மலர் தபாலில் இங்கே அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. தெருவிளக்கு மனுவுக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவே ஒரு முழுப் பக்கம். கழுத்துப்பட்டை கட்டிய என் மகன் முரளியின் படம். "கடலுக்கடியில் மீன்களுக்கு வீடு கட்டிய நம் பகுதிப் பொறியாளர்" என்று தலைப்பு. படித்துக்கொண்டே வந்தேன். நெஞ்சு நிமிர்ந்துகொண்டே வந்தது. கடைசி வரி இது: "இவருடைய தந்தையும் அங்கு வசிக்கிறார்."

வசிக்கிறாராம்! வாடகைக்குக் குடியிருப்பவனைப் போல.

செயலாளர் சார், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன், போனிலேயே முடித்திருப்பேன்.

2

மீன்களுக்கு வீடு என்று மலரில் போட்டிருக்கிறீர்களே, அது என்ன என்று ஊரில் பாதிப்பேருக்குப் புரிந்திருக்காது. எழுதியவருக்கே புரிந்ததா என்பது சந்தேகம். நான் சொல்கிறேன்.

கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. அதை எடுக்க நடுக்கடலில் ஒரு மேடை வேண்டும். அந்த மேடையைத் தாங்க, கடலடி மண்ணிலிருந்து நீர்மட்டத்துக்கு மேல் வரை நான்கு பெரிய குழாய்க் கால்கள், குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த இரும்பு. இதற்கு இங்கே ஜாக்கெட் என்று பெயர். சிரிக்காதீர்கள், என் மனைவி கன்னியம்மா ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டாள். நான் அதை நாலுகால் என்றுதான் சொல்வேன்.

எண்ணெய் வற்றிப்போனால் மேடை ஓய்வு பெறுகிறது. கிணற்றை அடைக்கிறார்கள். மேல்தளத்தைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோகிறார்கள். மிச்சம் நிற்கிற நாலுகாலை மண்ணுக்குக் கீழே அறுத்து எடுத்து, உடைத்துப் பழைய இரும்பாக விற்கலாம். அல்லது, அரசாங்கம் குறித்துக் கொடுத்த ஓர் இடத்தில் கடலடியில் படுக்கவைக்கலாம். படுக்கவைத்தால் அதன்மேல் சிப்பி ஒட்டும், பாசி பிடிக்கும், சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். சில வருஷங்களில் அது இரும்பு என்பதே மறந்துபோய்ப் பாறை ஆகிவிடும்.

இது குப்பையைக் கடலில் தள்ளிவிட்டுக் கம்பெனிக்காரன் கைகழுவுகிற வேலை என்று திட்டுகிறவர்களும் இங்கே உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பில் லாரி லாரியாகக் குப்பை கொட்டுவதை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து வந்தவன் நான். அவர்கள் கோபம் எனக்குப் புரியும். ஆனால் அங்கே கொட்டினால் கொக்கு ஓடுகிறது. இங்கே படுக்கவைத்தால் மீன் வருகிறது. வித்தியாசத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவள் கன்னியம்மா.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள் அவள். அவளுடைய அப்பா தென்னை மட்டையையும் மரக்கிளையையும் கட்டி, கல்லைச் சுமையாக வைத்து, தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் கடலில் இறக்குவார். சில நாள் கழித்துப் போய்த் தூண்டில் போட்டால் மீன் வரும். இடத்துக்கு அடையாளம், கரையில் ஒரு பனைமரமும் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் மாதா கோயில் சிலுவையும் ஒரு புளியமரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளிதான் அவருடைய வங்கிப் பெட்டகம். பெண் கேட்டுப் போனபோது என்னிடம் ஆயிரம் விவரம் கேட்டவர், அந்தப் பனைமரம் எது என்று சாகும்வரை எனக்குச் சொல்லவில்லை.

3

இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் முரளி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு இட்லி சாப்பிட வருவான். பேத்திக்கு நான்கு வயது. மீன் என்றால் பெட்டியிலிருந்து வருவது, விரல் போல நீளமாக இருப்பது, முள் இல்லாதது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். கன்னியம்மா ஒருநாள் தலையோடு மீனைக் காட்டியபோது, "அது ஏன் என்னைப் பார்க்கிறது?" என்று ஆங்கிலத்தில் அழுதாள்.

முரளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையில் என்னை நைனா என்பான். இங்கே வந்து பள்ளிக்கூடம் போனதும் அப்பா ஆனேன். வெள்ளைக்காரர்கள் எதிரில் டாட். நைனா என்கிற வார்த்தை வீட்டுப் பரணில் எங்கேயோ கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஈடு இட்லி வரும்போது முரளி ஒரு பழைய மேடையை எடுக்கப்போவதாகச் சொன்னான். அந்த வேலை அவன் ஆபீஸ் கையில்தான் இருந்தது. எந்த மேடை என்று கேட்டேன். பேரைச் சொன்னான். என் கையிலிருந்த இட்லி சட்னியிலேயே நின்றுவிட்டது.

"டேய், அது என்னுது!"

"உங்களுதுன்னா?"

"அத பத்த வெச்சவன் நாண்டா. இந்த ஊருக்கு வந்ததும் நான் தொட்ட மொத நாலுகாலு."

"அப்பா, அதுல எத்தனையோ வெல்டர் ஒர்க் பண்ணியிருப்பாங்க."

"பண்ணியிருப்பாங்க. நிக்கிறது யாரோடது?"

உடைத்துப் பழைய இரும்பாக்கலாமா, மீன் பாறையாக்கலாமா என்று ஆபீசில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். கன்னியம்மா இட்லித் துணியை உதறிக்கொண்டே சொன்னாள்:

"மரக்கெளைய இறக்குனாலே மீனு குடும்பத்தோட வந்து குந்திக்கினு கீது. இம்மாம் பெரிய இரும்ப கரைக்கு இஸ்துகினு வந்து இன்னாடா பண்ணப் போற? அங்கயே கடல்ல படுக்க வை."

"அம்மா, அதுக்கு ஒரு ப்ரோக்ராம் ரொம்ப நாளா இருக்கு. நீங்க புதுசா கண்டுபுடிக்கல."

"இருக்குதுல்ல? அப்புறம் இன்னாத்துக்கு யோசிக்கிற? இன்னொரு இட்லி வெச்சிக்க."

மறுநாள் முரளி ஆபீசில் பாறைதான் சரி என்று பேசியிருக்கிறான். பெரிய பெரிய காரணங்கள் சொன்னானாம். இருக்கட்டும். அந்த யோசனையில் எங்கள் சமையலறை ஆவி வாசனை அடித்திருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

4

படுக்கவைக்கிற நாளில் பார்வையாளர்களுக்குத் தனியாக ஒரு படகு விட்டார்கள். அதிகாரிகள், தூண்டில் சங்கத்தார், ஒரு பத்திரிகைக்காரர். முரளி தயவில் நாங்கள் இரண்டு பேர். ஏறும்போது ஒவ்வொருவரிடமும் நான்கு பக்கக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். நான் படிக்காமல் போட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

பாய் பட்டறையில் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கி வருவதே பாய்தான். நாங்கள் பூஜை போடும்போது வெளியே நின்றுகொண்டிருப்பார். "உடைக்கிறது உங்க வேலப்பா, அதுல வழுக்கி வுழறது என் வேல" என்பார். ஜி.எஸ்.டி. சாலையில் அன்றைக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஆனாலும் கண்ணேறு கழிக்காமல் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு கேட்கூட வெளியே போனதில்லை. அப்படியிருக்க, நான் செய்ததிலேயே பெரிய சாமானைச் சும்மா அனுப்பிவிடுவேனா?

இங்கே கரையோரம் வியட்நாம்காரர்கள் நிறைய. அவர்களும் மீன் பிடிக்கிறவர்கள். அவர்கள் கடையில் நம்ம ஊர் வெண்பூசணி அப்படியே கிடைக்கும். ஒன்றை வாங்கி, மேலே துளைபோட்டு, உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, துளையை மூடி, பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். பையில் என்ன என்று முரளி கேட்டான். "சாப்பாடு" என்றாள் கன்னியம்மா. அது பொய் இல்லை, காய்கறிதானே.

தூரத்தில் பெரிய பாரந்தூக்கி தயாராக நின்றது. நாலுகால் துருவேறி, பறவை எச்சத்தோடு, என்னைப் போலவே கிழடாக, ஆனால் நேராக நின்றது. இன்னும் சற்று நேரத்தில் தூக்கப்போகிறார்கள். படகின் பின்பக்கம் ஆள் இல்லை. கற்பூரத்தை ஏற்றினேன். மூன்று சுற்று சுற்றினேன். ஓங்கிப் போட்டேன்.

அடடா, அப்படி ஒரு உடைப்பு! தளமெல்லாம் சிவப்பு.

அந்த நேரம் பார்த்து மூலை திரும்பிய ஒரு மாலுமி "ரத்தம்! ரத்தம்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். மணி அடித்தது. கேப்டன் வயர்லெஸ்ஸில் எதையோ கத்தினார். தூரத்துப் பாரந்தூக்கி அப்படியே நின்றது. எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணினார்கள். கணக்கு சரியாக வந்தது. அடிபட்டவனைக் காணோம். ரத்தம் மட்டும் இருக்கிறது. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சரியாக வந்தது. டோனா என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி அம்மா, கையில் அட்டையோடு, சிவப்பின் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தார். ஒரு விதையை எடுத்தார். பிறகு நிமிர்ந்து, படகில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

"டாட்!" என்றான் முரளி. அந்த ஒரு சொல்லில் அவன் படித்த படிப்பு முழுவதும் இருந்தது.

நெருப்பு சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் முன்கூட்டியே எழுதி வாங்குகிற சீட்டு ஒன்று உண்டு. அது இல்லாமல் நான் வாழ்நாளில் ஒரு வெல்டிங் ராடுகூடப் பற்றவைத்ததில்லை. மற்றவர்கள் பற்றவைத்தால் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் டீசல் படகில் சீட்டு இல்லாமல் கற்பூரம் கொளுத்திவிட்டேன். பக்தி கண்ணை மறைத்துவிட்டது. ஏறும்போது நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் முதல் வரியே நெருப்பு கூடாது என்பதுதானாம்.

டோனா படிவத்தை எடுத்தார். எரித்த பொருள் என்ன? கற்பூரம், ஒன்று. உடைத்த பொருள்? பூசணிக்காய், ஒன்று. நோக்கம்? முரளி தலையைச் சொறிந்தான். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். "பாரம்பரியப் பாதுகாப்பு நடவடிக்கை." டோனா ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

"இது வேலை செய்யுமா?" என்று கேட்டார். முரளி மொழிபெயர்த்தான்.

"இன்னிக்கி யாருக்குனா அடிபட்டுச்சானு அந்தம்மாவ கேளு" என்றாள் கன்னியம்மா.

டோனா அட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. அதற்காக விட்டுவிடவில்லை. சில்லுகளைக் கடலில் தள்ளப் போனேன்; தடுத்துவிட்டார். அனுமதி இல்லாத பொருளைக் கடலில் போடக் கூடாதாம். எதிரே மலை மாதிரி இரும்பைக் கடலில் போட அத்தனை கையெழுத்தும் தயார். ஒரு பூசணிக்காய்க்கு இல்லை! குனிந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கிப் பையில் போட்டேன். கன்னியம்மா துடைத்தாள். அதன் பிறகுதான் பாரந்தூக்கி அசைந்தது.

நாலுகால் மண்ணைவிட்டு எழுந்தது. இழுவைப் படகுகள் அதை மெல்லக் கூட்டிக்கொண்டு போயின. குறித்த இடத்தில் சாய்ந்தது, கொஞ்சம் யோசித்தது, உள்ளே போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் பூசணிக்காய்ப் பை இருந்தது.

5

முரளி மூன்று ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு வரவில்லை. வேலை அதிகம் என்று மருமகள் சொன்னாள். எனக்குத் தெரியும். பெரியவர் பூசணிக்காய் உடைத்த கதை அவன் ஆபீசில் தேநீர் மேசைக்கு மேசை போயிருக்கும்.

அதைவிட என்னை அரித்தது வேறு. பாறை இருக்கிற இடத்துக்கு ஒரு பலகை அடித்துத் துறைமுகத்தில் வைத்தார்கள். கம்பெனி பேர் இருந்தது. அரசாங்கத் துறை பேர் இருந்தது. தூண்டில் சங்கத்தின் பேர்கூட இருந்தது. அவர்கள் அன்றைக்குச் செய்தது படகில் சாண்ட்விச் சாப்பிட்டது மட்டும். பற்றவைத்தவன் பேர் எங்கேயும் இல்லை. இந்தப் பாறை சம்பந்தப்பட்ட காகிதங்களில் ஏழுமலை என்கிற என் பேர் இருப்பது டோனாவின் படிவத்தில் மட்டும்தான், அதுவும் குற்றவாளிக் கட்டத்தில்.

நான்காவது ஞாயிறு முரளி தனியாக வந்தான். கக்கத்தில் ஒரு நீளமான காகிதச் சுருள். சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தான். நாலுகாலின் பழைய வெல்டிங் வரைபடம். ஆபீஸ் கிடங்கிலிருந்து தேடி நகல் எடுத்து வந்திருக்கிறான்.

நாலுகாலைக் கட்டிய தளத்தில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு குழாய் சேருகிற மூட்டைப் பற்றவைத்து முடித்ததும் பக்கத்திலேயே அந்த எண்ணை இரும்பில் அடித்துப் பதிக்க வேண்டும். வரைபடத்திலும் ஏறிவிடும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள், மனிதனுக்கு எடுப்பது போலவே. யார் கை சரியில்லை என்று இரும்பு காட்டிக்கொடுத்துவிடும்.

"உங்க நம்பர் இன்னா?" என்றான். ஆபீஸ் தமிழ் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது.

"நாப்பத்தேழு."

அவன் விரல் காகிதத்தில் நகர்ந்தது. நாற்பத்தேழு. நாற்பத்தேழு. இரண்டாவது காலின் அடி மூட்டு, எல்லாப் பாரமும் வந்து இறங்குகிற இடம், அங்கேயும் நாற்பத்தேழு. திடீரென்று விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இங்க ஒண்ணு ரிப்பேர்னு போட்டிருக்கே? எக்ஸ்ரேல ஃபெயில்."

என் வாழ்நாளில் எக்ஸ்ரேயில் திரும்பி வந்த ஒரே மூட்டு. நான் மறக்க முடியுமா?

"அது ஒண்ணுதான். அன்னிக்கி காலைல தாம்பரத்துலேர்ந்து தந்தி வந்துச்சு. ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு, ரெண்டு பேரும் சௌக்கியம்னு. கை நிக்கல. மறுநாள் தோண்டி எடுத்துட்டு திரும்ப அடிச்சேன்."

முரளி டம்ளர்களை எடுத்துவிட்டுக் காகிதத்தைச் சுருட்டினான். பிறகு மெதுவாக,

"நைனா, இத நான் வெச்சிக்கவா?" என்றான்.

பரணிலிருந்து அந்தச் சொல் இறங்கி வந்ததைக் கன்னியம்மாவும் கேட்டாள். உடனே அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டது.

6

அன்றைக்கே முரளி அம்மாவுக்குக் கணினியில் ஒன்று காட்டினான். பாறை இருக்கிற இடத்தை அரசாங்கமே அட்சரேகை தீர்க்கரேகை எண் போட்டு வெளியிட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படகை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போகலாம்.

கன்னியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "யாரு வேணா பாக்கலாமா? பக்கத்து ஊருக்காரன்கூடவா? எங்க நைனா கூடப்பொறந்த தம்பிக்கே சொல்லலடா! இன்னாடா கவர்மென்ட்டு இது, மீனு கீற எடத்த தண்டோரா போட்டுகினு!"

இப்போது அங்கே மீன் வர ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் மடக்கு நாற்காலியோடு நான் துறைக்குப் போகிறேன். படகிலிருந்து சங்கரா மீன் இறங்கினால் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்பேன். அந்தப் பாறையில் என்றால், "அது என் வீட்டு மீன்" என்பேன். முதலில் சிரித்தார்கள். இப்போது சிலர் எனக்கு ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். பேத்தி தலையைப் பார்த்து இன்னும் பயப்படுகிறாள். ஆனால் போன வாரம் குழம்பில் இருந்த துண்டைச் சாப்பிட்டாள். முள்ளையும் அவளே எடுத்தாள்.

ஆகவே, செயலாளர் சார், விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்துப் பலகையில் என் பேர் வராது. இந்த ஊர் என் ஊர் இல்லை, விட்டுவிட்டேன். ஆனால் மலர் நம்முடையது. நீங்கள் தினமும் திறக்கிற கேட்டே என்னுடையது, கத்தாமல் திறக்கிறதா இல்லையா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வரும் மலரில் ஒரு திருத்தம் போட வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் இல்லை. அதே பக்கம், அதே அளவு.

இதை எழுதும்போது கன்னியம்மா தோளுக்கு மேலே நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "எல்லாம் சரிதான்யா. படுக்க வைனு சொன்னது யாரு? என் பேரு எங்க?" என்கிறாள். நியாயம். அதையும் சேர்த்து வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். ஓர் எழுத்து மாற்றாமல் போடுங்கள்:

"கடலடியில் கிடக்கும் அந்தப் பாறையைப் பற்றவைத்தவர், வெல்டர் எண் நாற்பத்தேழு, சிட்லபாக்கம் ஏழுமலை. அதை அங்கேயே படுக்கவைக்கச் சொன்னவர் அவர் மனைவி கன்னியம்மா. இவர்களுடைய மகனும் அங்கு வசிக்கிறார்."